எந்தப் பெண்களால் வகுத்தீர்கள் என்று கேட்ட கஸ்தூரி

செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அதற்கு மேலே, அன்றைக்கு யார் எலுமிச்சைச் சாதம் கொண்டு வருவது என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரே வரி: 'நம் கஸ்தூரி அம்மா இன்று காலை காலமானார்.' அதன் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. அம்பத்தூர் ஓ.டி. நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏற வேண்டிய பஸ் வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டு அவருடைய மகள் ரேவதிக்குப் போன் செய்தேன்.

"காலைல காபி குடிச்சாங்க சார். டம்ளரக் கழுவி வச்சாங்க. நெஞ்சு ஒரு மாதிரி கீதுடின்னு உக்காந்தாங்க. அவ்ளோதான்" என்றாள் ரேவதி. அறுபத்திரண்டு வயது. படுக்கை இல்லை, குழாய் இல்லை, யாருக்கும் சிரமம் இல்லை. தன் வேலையை முடித்துப் பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். கஸ்தூரியிடம் வேறு எதை எதிர்பார்ப்பது!

எங்கள் புற்றுநோய்ப் பதிவகத்தில் இருந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எந்தப் பெண்ணுக்குக் கருப்பை, கருப்பை வாய், சினைப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வந்தாலும், அந்தப் பெண்ணின் வயது என்ன, தாய்மொழி என்ன, எந்தச் சமூகம், எந்தத் தெரு என்று படிவத்தில் நிரப்பிக் கொண்டு வருவது அவர் வேலை. எங்களிடம் பரிசோதனை வண்டி ஒன்றும் உண்டு. அது ஒரு தெருவுக்குப் போவதற்கு முன்னால், அந்தத் தெருவில் முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் அத்தனை பேரையும் வீடு வீடாகப் பட்டியல் எடுப்பதும் அவர்தான். பட்டியலை அட்டவணையாக்குகிற புள்ளிவிவர அலுவலர் நான். எந்தச் சமூகத்துப் பெண்களுக்கு எந்தப் புற்று அதிகம், யாருக்குக் குறைவு என்று வகுத்துச் சொல்லி மேலே அனுப்பும் ஆள். கஸ்தூரி என்னைவிட மூன்று வயது மூத்தவர்; பதவியில் நான் அவருக்கு மேலே. இந்த இரண்டும் சேர்ந்தால் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

எங்களுக்குள் முதல் சண்டை ஓரக் குறிப்புகளைப் பற்றி. கட்டத்துக்குள் எழுது என்றால் கஸ்தூரி கட்டத்துக்கு வெளியேதான் அதிகம் எழுதுவார். 'புருஷன் குவைத்.' 'மாமியார் சொன்னா வரும்.' 'காலைல ஏழு மணிக்கு முன்னாடி போனாத்தான் ஊட்டுல இருக்கும்.' இன்னும் பல பெயர்களுக்குப் பக்கத்தில் 'க.எ.', 'க.எ.' என்று இரண்டு எழுத்துகள். இதெல்லாம் என்ன குப்பை என்று ஒரு நாள் கத்தினேன். "கட்டம் சின்னதா கீது சார், பொம்பளைங்க பெருசா கீறாங்கோ" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து, எனக்கும் ஒரு கரண்டி வத்தக்குழம்பு சாதம் வைத்தார். எனக்கு அந்த நக்கல் பிடிக்கவில்லை. சாதம் நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் இருப்பதை ஏற்ற வேண்டாம் என்று கணினியில் பதிபவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் வேலை செய்கிற விதத்துக்கு ஒரு உதாரணம். மாங்காட்டில் புதிதாக எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எங்களால் நுழையவே முடியவில்லை. கேட்டில் காவலர் எங்கள் பெயரைக் கேட்பார், உள்ளிருந்து 'தெரியாது' என்று பதில் வரும். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஐ.டி. வேலைக்காக மதுரை, சேலம், கோவை என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். எங்கள் அட்டவணையில் அந்தப் பெண்களுக்கு நோயே இல்லை என்கிற அளவுக்கு எண்ணிக்கை குறைந்திருந்தது. படித்தவர்கள், வசதியானவர்கள், அதனால்தான் என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

நவராத்திரி வந்தது. கஸ்தூரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, ஒரு தூக்கில் சுண்டலோடு கிளம்பிவிட்டார். கொலு பார்க்க வந்த சுமங்கலியை எந்தக் காவலர் தடுப்பார்? நான்கு மாலைகளில் அந்தக் குடியிருப்பு முழுக்க வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வந்தார். பொம்மையைப் பற்றி ஐந்து நிமிடம், பிறகு உடம்பைப் பற்றி அரை மணி நேரம். அப்போதுதான் தெரிந்தது, உடம்புக்கு என்றால் அவர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள் என்று. அங்கே அம்மா இருக்கிறார், தெரிந்த டாக்டர் இருக்கிறார். முகவரியும் அந்த ஊர் முகவரிதான். நோய் இங்கே, பதிவு அங்கே. அவர் கொண்டு வந்த பெயர்களைச் சேர்த்தபோது கருப்பை உட்சுவர்ப் புற்று அந்தப் பெண்களிடம் ஒன்றும் குறைவாக இல்லை.

"வித்தியாசம் கீது சார், இல்லன்னு சொல்லல" என்றார். "ஒரு சனத்துக்கு ஒண்ணு ஜாஸ்தி வருது, இன்னொரு சனத்துக்கு வேற ஒண்ணு வருது. அது நெசந்தான். ஆனா கம்மின்னு வந்துச்சின்னா உடனே சந்தோசப்பட்றீங்களே, அதான் எனக்கு பேஜாரா கீது." அன்றைக்கு அந்தச் சுண்டலில் மிச்சம் இருந்ததை நாங்கள் எல்லோரும் தின்று தீர்த்தோம். அவர் சொன்னதை நான் மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

ஏற்றிக்கொள்ளாததன் பலன் ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்தது. திருமழிசைக்கு உட்புறம் ஒரு காலனி. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள். இரண்டு தலைமுறைக்கு முன்னால் வயல் கூலிகள், இப்போது தொழிற்பேட்டையில் பேக்கிங், துப்புரவு, தையல் என்று பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். அட்டவணை போட்டேன். பூந்தமல்லிப் பக்கத்து உருது பேசும் பெண்கள், அடுக்குமாடிப் பெண்கள், ஆவடித் தமிழ்க் குடும்பங்கள், எல்லோருக்கும் கீழே கடைசி வரியில் இந்தக் காலனிப் பெண்கள். கருப்பை வாய்ப் புற்று அவர்களுக்குத்தான் மிகக் குறைவு. கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு மூத்த மருத்துவர், "அந்தச் சனங்களோட உடம்பு வாகு அப்படி. அவங்களுக்கு இது அவ்வளவா வராது" என்றார். நானும் தலையாட்டினேன். இருப்பது ஒரே வண்டி. தேவை குறைந்த இடத்துக்கு அது எதற்கு? காலனியை வண்டிப் பாதையிலிருந்து எடுத்துவிடலாம் என்று பரிந்துரை எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

கஸ்தூரி அந்தத் தாளை என் மேஜையில் பார்த்தார். நின்றபடியே படித்தார்.

"இன்னா சார் இது?"

"படிச்சீங்கல்ல, அதான்."

"கீழ எந்த பொம்பளைங்கள போட்டு வகுத்தீங்கோ?"

"காலனியில இருக்கிற முப்பது வயசுக்கு மேற்பட்ட பெண்கள் எல்லாரையும்தான். நீங்க கொடுத்த பட்டியல்தானே?"

"எல்லாரையுமா?" என்று கேட்டார். பிறகு தாளை எடுத்துச் சர்ரென்று இரண்டாகக் கிழித்தார். அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். கிழித்த பிறகு அவருக்கே தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். "மன்னிச்சிக்கோங்க சார்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னொரு காப்பி இருக்கும்ல? அத்தயும் குடுங்க" என்றார்.

நான் கத்தியது கீழ்மாடி வரைக்கும் கேட்டதாம். நான் கோபக்காரன், ஒத்துக்கொள்கிறேன். கையோடு மெமோ அடிக்கச் சொன்னேன். மூன்று நாட்கள் பேசவில்லை. நான்காம் நாள் சனிக்கிழமை. கஸ்தூரி என் மேஜைக்கு வந்து, "மெமோவுக்கு பதில் வோணும்னா எங்கூட காலனிக்கு வாங்க சார். அங்க எய்திக் குடுக்கறேன்" என்றார். வீம்புக்குத்தான் போனேன். பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோவில் அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் யாரோ ஒருவருடைய சிமெண்ட் சாக்கு.

தண்ணீர் லாரி வருகிற நேரம். தெருவில் குடங்களோடு பெண்கள் நின்றிருந்தார்கள். கஸ்தூரி முன்னுரை எதுவும் இல்லாமல் ஆரம்பித்தார்.

"ஏம்மா லட்சுமி, ஒனக்கு கர்ப்பப்பை கீதா, எட்தாச்சா?"

எனக்குக் காது சுட்டது. ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்ட மாதிரி அந்தப் பெண் பதில் சொன்னாள்: "எட்தாச்சிம்மா. சின்னவன் பொறந்து மூணாம் வருசமே."

"ஒனக்கு?"

"எனக்குங்கூட எட்தாச்சி."

"எங்க ஊட்டுல ஓரகத்திங்க மூணு பேருக்கும் எட்தாச்சி" என்றாள் இன்னொருத்தி, ஏதோ மூன்று பேருக்கும் ஒரே கடையில் புடவை எடுத்த மாதிரி. கூட்டம் சிரித்தது.

ஏன் எடுத்தீர்கள் என்று நான்தான் கேட்டேன். லட்சுமி பொறுமையாகச் சொன்னாள்: "உதிரம் நிக்காது சார். பத்து மணி நேரம் நின்னுகினு வேலை. லீவு போட்டா சீட்டு கியிஞ்சிரும். டாக்டரு இன்னா சொன்னாரு, புள்ளைங்கதான் பொறந்தாச்சே, அது எதுக்கு ஒனக்கு, எட்த்துரலாம்னாரு. எட்த்துகினோம்." ஒருவரைப் பார்த்து இன்னொருவர், அக்காவைப் பார்த்துத் தங்கை. முப்பது முப்பத்தைந்து வயதில் தெருவில் பாதிப் பெண்களுக்குக் கர்ப்பப்பை இல்லை. கருப்பையே இல்லாதவர்களுக்குக் கருப்பை வாயில் எப்படிப் புற்று வரும்? அவர்கள் அத்தனை பேரையும் சேர்த்து எண்ணி, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, இங்கே நோய் குறைவு என்று எழுதியிருந்தேன் நான். எம்.எஸ்ஸி. புள்ளியியல், முதல் வகுப்பு!

கஸ்தூரி என்னைத் தனியாக அழைத்துப் போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "பல்லே இல்லாதவங்களயும் சேத்து எண்ணிகினு, இந்த ஊர்ல பல்லுவலி கம்மின்னு எய்துவீங்களா சார்? பாக்கி பொம்பளைங்களுக்கு கர்ப்பப்பை கீதுல்ல? அவங்களுக்கு வண்டி வராட்டி யாரு பாப்பா?" அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

திங்கட்கிழமை காலையிலிருந்து இருவரும் உட்கார்ந்து பழைய பட்டியல்களைப் பிரித்தோம். ஏற்ற வேண்டாம் என்று நான் சொன்ன அந்தக் 'க.எ.' என்றால் 'கர்ப்பப்பை எடுத்தது'. வருஷக்கணக்காக அவர் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். எல்லாத் தெருவுக்கும், எல்லாச் சமூகத்துக்கும் எண்ணி, கருப்பை இருக்கிற பெண்களை மட்டும் வைத்துத் திரும்ப வகுத்தேன். உருது பேசும் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்று முன்பு போலவே குறைவாகத்தான் வந்தது. அது உண்மையான வித்தியாசம் என்று கஸ்தூரியும் ஒப்புக்கொண்டார். ஆனால் கடைசி வரியில் இருந்த காலனி முதல் வரிக்கு வந்துவிட்டது. உடம்பு வாகாவது ஒன்றாவது! புதிய அறிக்கை போனது. காலனிக்கு வண்டி வருவது நிற்கவில்லை. அந்த மூத்த மருத்துவர் நல்ல மனிதர், திருத்தத்தைப் படித்துவிட்டுப் போனில் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார். மெமோவை நானே திரும்பப் பெற்றேன். கஸ்தூரி, "வச்சிருக்கலாம் சார், ரிட்டயர் ஆவும்போது ஃபிரேம் போட்டு மாட்டுவேன்" என்றார்.

வண்டி வந்தால் மட்டும் போதுமா, ஆள் ஏற வேண்டுமே. காலனியில் நாகம்மா என்று ஒருவர், பேக்கிங் வேலை, நாற்பதை நெருங்கும் வயது, கருப்பை எடுக்காதவர். எனக்கு ஒன்றும் இல்லை, போங்கள் என்று நான்கு முறை திருப்பி அனுப்பிவிட்டார். ஐந்தாம் முறை கஸ்தூரி காலை ஆறரைக்கே அவர் வீட்டில் போய் உட்கார்ந்து, "நீ வண்டிக்கி வர்ற வரிக்கும் எனக்கு ஒன் ஊட்டுலதான் நாஷ்டா" என்றாராம். வந்தவருக்கு இட்லி வைக்காமல் இருக்க முடியுமா? மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் நாகம்மா, "மாவு தீந்துபோச்சிம்மா, வா, வண்டிக்கே போலாம்" என்று கிளம்பிவிட்டார். இதை அலுவலகத்தில் வந்து நடித்துக் காட்டிச் சிரித்தார் கஸ்தூரி. பரிசோதனை முடிவு வந்தபோது சிரிப்பு போயிற்று. புற்றுதான், ஆனால் ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சை முடிகிற வரை தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் அலுவலகம் வந்தார். பிறகு நாகம்மா தேறி வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நேரில் பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கஸ்தூரி ஓய்வு பெற்றார். பிரிவு விழாவில் பேசச் சொன்னதும் எழுந்து, "நான் ஒண்ணும் பெருசா செய்யல. கேட்டேன். சொன்னாங்கோ. எய்திகினேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் மாதம் ஒரு முறையாவது எனக்குப் போன் வரும். "இன்னா சார், இப்பவும் கத்துறீங்களா, இல்ல பிரஷர் மாத்திர ஒயுங்கா சாப்புட்றீங்களா?" கணவர் தண்டபாணியோடு படத்துக்குப் போனது, பேரனுக்குப் பல் முளைத்தது எல்லாம் சொல்வார். குறை என்று ஒன்று அவர் வாயில் வந்ததில்லை. திருப்தியாக வாழ்ந்தவர். நமக்குத்தான் போதவில்லை.

அவர் இறந்த அன்று திருவேற்காட்டில் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஷேர் வேன் வந்து நின்றது. காலனிப் பெண்கள் இறங்கினார்கள், இடம் இல்லாமல் ஒருவர் மேல் ஒருவராக வந்திருந்தார்கள். லட்சுமியை எனக்கு அடையாளம் தெரிந்தது. கூடவே சிவப்புப் புடவையில் ஒரு பெண் உள்ளே போய், கஸ்தூரியின் காலைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தண்டபாணி யாரம்மா நீ என்று கேட்டதற்கு, "நாகம்மாங்க. எனக்கு ஆப்ரேசன் ஆயி அஞ்சு வருசம் ஆவுது. இந்தம்மாவாலதான் நான் கீறேன்" என்றார்.

நாகம்மா வெளியே வந்ததும் நான் எழுந்து நின்றேன். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. "உங்க தெருவுக்கு வண்டி வேண்டாம்னு எழுதினவன் நான்தாம்மா" என்றேன்.

நாகம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த சாரா நீங்கோ? தெரியும் சார். அந்தம்மா அப்பவே சொல்லிச்சி. 'மொதல்ல தப்பா எய்திட்டாரு. அப்பறம் அவரே கண்டுபுட்ச்சி, அந்த பேப்பர அவரு கையாலயே கியிச்சிப் போட்டாரு. எங்க சாரு இல்லன்னா வண்டி நின்னுருக்கும்'னு சொல்லிச்சி."

"இல்லம்மா. கிழிச்சது அவங்க. கிழிச்சதுக்காக நான் அவங்களுக்கு மெமோ கொடுத்தேன்" என்றேன்.

நாகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். "அந்தம்மா பொய் சொல்லாது சார்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டார்.

கஸ்தூரியை அறிந்தவர்களுக்கு இதை இங்கே எழுதி வைக்கிறேன்: அந்தத் தாளைக் கிழித்தவர் அவர்தான். காலனியில் எனக்கு இருக்கிற நல்ல பெயர் நான் சம்பாதித்தது அல்ல, அவர் கொடுத்துவிட்டுப் போனது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அடுத்த வருஷம் நானும் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி நடந்துகொள்ளப் பார்க்கிறேன். சென்ற வாரம் ஒரு புது அட்டவணை கையெழுத்துக்கு வந்தது. ஆவடிப் பக்கம் ஒரு தெருவில் நோய் மிகக் குறைவு என்று இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தத் தெருவுக்குப் போய்ப் பெண்களைக் கேட்டு வந்தேன்.